திருப்பாச்சேத்தி அரிவாள்

மதுரையிலிருந்து இராமேசுவரம் செல்லும் சாலையில் ஏறத்தாழ 30 கி.மீ. சென்றால், வைகைச் சமவெளியில் திருப்பாச்சேத்தி என்னும் சிற்றூர் வரும். இது சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்தது. ஊரைப் பார்த்திராதவர்களும் அதன் பெயரை அறிவர். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு, ஜெர்மனியில் சோலிங்கன் என்று ஊர்ப்பெயர்களே கத்தியின் தரத்துக்கு முத்திரையாக விளங்குவதைப் போல, தென் தமிழ்நாட்டில் அரிவாள் என்றதும் "திருப்பாச்சியா?" என்று கேட்பது வழக்கம். 2005-இல் அப்பெயரில் ஒரு திரைப்படமே வந்தது. அதன் பின்னர் அரிவாள் என்றாலே அடிதடி என்ற எண்ணம் இன்னும் வலுத்துவிட்டது. ஆனால், அந்தக் கொல்லுலைகளில் பிறக்கும் கருவிகளில் பெரும்பாலானவை வயலுக்கும் தோப்புக்கும் அடுக்களைக்கும் போகின்றவை. அவற்றைச் சற்று உற்று நோக்குவோம்.

முதலில் கருக்கரிவாள். நெல் அறுக்கப் பயன்படுவது இது. பிறைபோல் வளைந்து, வாயில் நுண்ணிய பற்களைக் கொண்டிருக்கும். பற்கள் எதற்கு? நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சித் தன் தாளில் சேர்த்து வைக்கிறது. வைக்கோலை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவே. அதாவது மணலின் பொருளே. வழவழப்பான வாயுடைய கத்தி இதில் விரைவில் மழுங்கும். தாளும் வழுக்கிப் போகும். பற்களோ தாளைப் பற்றிக்கொண்டு, கையின் விசை முழுவதையும் சில முனைகளில் குவிக்கின்றன. பரப்புக் குறையக் குறைய அழுத்தம் மிகும் என்று நீங்கள் எட்டாம் வகுப்பில் படித்த பாடம்தான்.

வெட்டரிவாள் வேறு இனம். தேங்காய் மட்டை, விறகு, சீமைக்கருவேல முள் ஆகியவற்றை வெட்டுவது. இதன் எடை பிடியில் இல்லை, தலைப்பக்கத்தில் இருக்கிறது. சுத்தியலைப் போன்றே இதுவும் வேகத்தால் வேலை செய்கிறது. நல்ல வெட்டரிவாளில் ஒரு குறிப்பிட்ட இடம் உண்டு. அந்த இடத்தில் மரம் பட்டால் கைக்கு அதிர்ச்சியே தெரியாது. அதற்கு முன்போ பின்போ பட்டால் மணிக்கட்டு வலிக்கும். சுழலும் பொருள்களின் இயக்கத்தைப் படிக்கும் மாணவர்கள் இந்தப் புள்ளியைக் கணக்கிட்டே கண்டுபிடிக்கலாம். கொல்லர் கணக்குப் போடுவதில்லை. கையில் தூக்கி ஆட்டிப் பார்த்து, தலையில் சற்றுத் தட்டிச் சரிசெய்கிறார்.

ஆடு மேய்ப்பவரின் நீண்ட கழியில் கட்டிய தொரட்டி, இழுத்தால் மட்டும் வெட்டுவது. அடுக்களையில் உள்ள அரிவாள்மனையோ நகராமல் நிற்கிறது. காய்தான் கத்தியிடம் வருகிறது. இரு கைகளும் காயைப் பிடிக்கக் கிடைக்கும் இந்த ஏற்பாட்டை யார் முதலில் நினைத்தார்களோ, அவர்கள் நல்ல பொறியாளர்கள்தாம்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் முதலிடம் பனையேறிகளின் பாளை அரிவாளுக்கே. காலையும் மாலையும் மரமேறிப் பாளையின் நுனியில் ஒரு மெல்லிய சீவலை மட்டும் எடுக்க வேண்டும். கனமாகச் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துவிடும். நசுங்கினால் பதநீர் சுரப்பது கெடும். ஆகவே சவரக்கத்திக்கு உரிய கூர்மை இதற்கு வேண்டும். கருப்பண்ணசாமிக்கு நேர்த்திக்கடனாகச் செலுத்தும் ஆளுயர அரிவாள் இதற்கு நேர் எதிர். அது எதையும் வெட்ட வேண்டியதில்லை. எனவே அதற்குக் கூரும் வேண்டாம், கடினமும் வேண்டாம். கம்பீரம் இருந்தால் போதும்.

இத்தனை வகைக் கருவிகளையும் ஒரே பட்டறையில், ஒரே பட்டடைக்கல்லின் மேல், பெரும்பாலும் ஒரே வகை எஃகிலிருந்து ஒரு கொல்லரால் அடித்துவிட முடிகிறது. அந்த எஃகு எங்கிருந்து வருகிறது? லாரிகளின் அடியில் அடுக்கடுக்காக வளைந்திருக்கும் ஸ்பிரிங் பட்டைகளிலிருந்து! பழைய பட்டைகளைக் கழிவு இரும்புக் கடையிலிருந்து வாங்கி, துண்டாக்கி, உலையிலிட்டு அடிக்கிறார்கள். அப்பட்டையில் கார்பன் 0.5 முதல் 0.6 விழுக்காடு வரை இருக்கும். வீட்டில் சுவரில் அடிக்கும் ஆணியில் இதில் பல பங்கு குறைவாகவே கார்பன் உண்டு. ஆகவே ஆணி இரும்பை எவ்வளவு சிரமப்பட்டுத் தீட்டினாலும் அது அரிவாள் ஆகாது.

எஃகு ஒன்றே என்றால், சீவும் கருவிக்கும் வெட்டும் கருவிக்கும் வேறுபாடு எப்படி வருகிறது? "தோய்ச்சல்" என்று கொல்லர்கள் சொல்லும் செயலில்தான் அந்த இரகசியம் இருக்கிறது.

சாதாரண வெப்பநிலையில் இரும்பின் அணுக்கள் அமைந்திருக்கும் படிக அமைப்பில் கார்பன் அணுக்களுக்கு இடம் மிகக் குறைவு. செந்தணலாகக் காய்ச்சினால், ஏறத்தாழ 727° செ.-க்கு மேல், எஃகின் அமைப்பு மாறத் தொடங்குகிறது. மாறிய அமைப்பில் கார்பன் தாராளமாகக் கரையும். மெதுவாக ஆறவிட்டால் கார்பன் அணுக்கள் ஒழுங்காக வெளியேறித் தனியே படிந்துவிடும், எஃகு மென்மையாகிவிடும். ஆனால் காய்ந்த அலகை நீரிலோ எண்ணெயிலோ சட்டென்று முக்கினால், வெளியேற நேரமின்றிக் கார்பன் அணுக்கள் உள்ளே சிக்கிக்கொள்கின்றன. படிகம் திருகி இறுகுகிறது. இந்த இறுகிய அமைப்புக்கு, ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் மார்ட்டென்ஸ் நினைவாக மார்ட்டென்சைட் என்று பெயர். அது மிகக் கடினமானது. ஆனால் கண்ணாடியைப் போல நொறுங்கக் கூடியது. இந்த நிலையில் வெட்டரிவாளை மரத்தில் போட்டால் வாய் உதிர்ந்துவிடும்.

எனவே மீண்டும் சிறிது சூடேற்ற வேண்டும். எவ்வளவு? இங்கேதான் கொல்லரின் கண் வேலை செய்கிறது. முக்கி எடுத்த அலகின் ஓரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, வெப்பம் மெல்லப் பரவ விடுகிறார். முதலில் வெளிர் மஞ்சள் தோன்றும். அப்போது வெப்பநிலை சுமார் 220° முதல் 230° செ. பிறகு பழுப்பு, சுமார் 255°. அடுத்து ஊதா, சுமார் 280°. பின்னர் நீலம், சுமார் 300°. வேண்டிய நிறம் வாய்ப்பகுதியை எட்டியதும் மீண்டும் குளிரவைத்து அந்நிலையை நிறுத்திவிடுகிறார். மஞ்சளில் நிறுத்தினால் கடினம் மிகுதி, சீவும் கருவிக்கு ஏற்றது. ஊதாவும் நீலமும் அடி தாங்கும் கருவிகளுக்கு ஏற்றவை.

இந்நிறங்கள் சாயம் அல்ல. எஃகின் மேல் படரும் மிக மெல்லிய ஆக்சைடு படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் ஒளி எதிரொளித்து, அவ்விரு கதிர்களும் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் தோன்றுபவை. சோப்புக் குமிழியிலும், மழைநாளில் சாலையில் சிந்திய எண்ணெயிலும் நீங்கள் காணும் அதே விளைவுதான். வெப்பம் கூடினால் படலம் தடிக்கிறது, நிறம் மாறுகிறது. ஆய்வுக்கூடத்தில் நாம் நியூட்டன் வளையங்களைக் காட்டி இதே விளைவை விளக்குகிறோம். கொல்லர் அதை வெப்பமானியாகவே பயன்படுத்துகிறார்! பட்டறை அரையிருட்டாக இருப்பதற்கும் காரணம் உண்டு. வெயிலில் தணலின் நிறத்தை மதிப்பிட முடியாது.

இக்கலை எவ்வளவு பழமையானது? திருப்பாச்சேத்திக்குச் செல்லும் அதே சாலையருகே, மதுரையிலிருந்து 12 கி.மீ. தொலைவில்தான் கீழடி இருக்கிறது. அங்குக் கிடைத்த பொருள்களுள் ஒன்றின் காலம் கி.மு. 580 என்று கரிமக் கணிப்பால் தெரியவந்ததாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் அறிவித்தது. தெற்கே ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏராளமான இரும்புக் கருவிகளைத் தோண்டி எடுத்தார். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022-இல் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் வெளியான அறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை கொண்டுசென்றது. இம்முடிவுகளை அறிஞர் உலகம் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறது. அது நல்லதே.

ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் மூசைகளில் எஃகு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன. கொங்கு நாட்டிலும் சேலம் பகுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இம்முறை வழக்கில் இருந்தது. தேனிரும்பை மண் மூசையில் ஆவாரங்குச்சியோடு இட்டு, எருக்கிலையால் மூடி, களிமண்ணால் அடைத்து உலையில் வைப்பார்கள். ஆவாரங்குச்சி கரியாகி இரும்பில் கார்பனைச் சேர்க்கும். தூய இரும்பின் உருகுநிலை 1538° செ. துருத்தி உலையில் அந்த வெப்பம் எட்டாது. ஆனால் கார்பன் சேரச் சேர உருகுநிலை தாழும். ஆகவே ஆவாரங்குச்சி எஃகை உண்டாக்கியதோடு, அதை உருகவும் வைத்தது!

மேல்நாட்டார் "வூட்ஸ்" என்று அழைத்த எஃகு இதுவே. 1790-களில் இதன் கட்டிகள் இலண்டன் இராயல் கழகத்துக்குச் சென்றன. கத்தி செய்வதில் பெயர்பெற்ற ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அதில் அறுவைக் கருவிகள் செய்து பார்த்து, ஐரோப்பிய எஃகைவிட அதையே விரும்பினார். அதன் இரகசியத்தை ஆராய அவர் துணைக்கு அழைத்த இளைஞர் யார் தெரியுமா? மைக்கேல் பாரடே! மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடிப்பதற்குப் பத்தாண்டுகளுக்கும் மேல் முன்னதாக, 1819 முதல், அவர் நம் நாட்டு எஃகைச் சோதித்தார். பாரடேயின் தந்தை ஒரு கொல்லர் என்பதையும் இங்கு நினைவுகூரலாம். எஃகில் உள்ள அலுமினியமும் சிலிக்காவுமே அதன் சிறப்புக்குக் காரணம் என்று பாரடே கருதினார், அது சரியல்ல. 1820-களில் பாரிசில் பிரியான் என்பவர் கார்பனின் பங்கைச் சரியாகச் சுட்டினார். ஆயினும், இரும்பில் பல உலோகங்களைச் சேர்த்துப் பாரடே செய்த சோதனைகளே கலப்பு எஃகு ஆராய்ச்சிக்கு வித்திட்டன.

பிறகு ஆங்கில ஆலை இரும்பு கப்பலில் வந்தது. அதை உள்நாட்டுக்குக் கொண்டுசெல்ல இரயில் வந்தது. 1902-இல் மதுரை–மண்டபம் பாதை திறக்கப்பட்டபோது திருப்பாச்சேத்தி வழியாகவே இரயில் ஓடியது. நாட்டு உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இரும்பை உருக்கும் கலை மறைந்தது. அடித்துத் தோய்ச்சல் ஏற்றும் கலை மட்டும் எஞ்சியது. அது எஞ்சியதற்கு, பெரியாறு அணை நீர் 1895-இல் மதுரைச் சமவெளிக்கு வந்து நெல் வயல்கள் பெருகியதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கருத்து.

இதே மண்ணில் மறைந்துபோன இன்னொரு கருவி உண்டு. அதுவே வளரி. பிறை வடிவில், எறிவதற்கென்று செய்யப்பட்டது. சின்ன மருதுவே தனக்கு இதை எறியக் கற்றுக்கொடுத்தார் என்று ஆங்கிலேயத் தளபதி ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியான தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில், தென்பாளையங்களில் படைக்கலங்களுக்குத் தடை விதித்து எட்வர்டு கிளைவ் பிரகடனம் வெளியிட்டார். வளரிக்கு வயலில் வேலை இல்லை, அது வழக்கொழிந்தது. அரிவாளை எந்த அரசாலும் தடுக்க முடியவில்லை. அறுவடை நின்றால் வரி எங்கிருந்து வரும்?

விடுதலைக்குப் பின் வந்த 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டமும் அதன் விதிகளும் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட கூரிய படைக்கலங்களுக்கு உரிமம் கேட்கின்றன. வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென அமைந்த கருவிகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே ஒரே நீளமுள்ள இரண்டு அலகுகளில் ஒன்று கருவி, மற்றொன்று ஆயுதம். 2021 செப்டம்பரில் குற்றவாளிகளைத் தேடிக் காவல்துறை மாநிலமெங்கும் சோதனை நடத்தியபோது, வாங்குபவரின் பெயர், முகவரி, தேவை ஆகியவற்றைக் குறித்து வைக்கும்படி பட்டறைகளுக்குச் சொல்லப்பட்டது. கொலைகளைத் தடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், தேங்காய் வெட்ட அரிவாள் வாங்க வரும் உழவர் போலீஸ் பதிவுக்கு அஞ்சி, டவுன் கடையில் ஆலைக் கத்தியை வாங்கிக்கொண்டு போனால், இழப்பு கொல்லருக்குத்தான். உலையருகே நின்று நிறம் பார்க்கக் கற்க வேண்டிய அடுத்த தலைமுறைக்கும்தான். அந்த நிற அறிவு எந்தப் பாடநூலிலும் கொல்லரின் சொற்களில் எழுதப்படவில்லை.

கருக்கரிவாளின் சந்தையை மட்டும் காவல்துறை குறைக்கவில்லை. அறுவடை இயந்திரம் குறைத்தது. அடுத்த அறுவடையின்போது, உங்கள் ஊர் வயலோரம் நிற்கும் அந்த இயந்திரத்தின் முன்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். இடமும் வலமுமாக ஓடும் ஒரு சட்டத்தில் முக்கோண அலகுகள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றின் ஓரங்களை, இயந்திரம் நின்றிருக்கும்போது மட்டும், விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். பற்கள் தட்டுப்படும்.