கார்ப் ஹீட் கதை

கோவில்பட்டி வெயிலில் நிற்கிற ஒருவரிடம், "இந்தச் சூட்டிலும் விமான என்ஜினுக்குள் ஐஸ் கட்டும்" என்றால் நம்பமாட்டார். ஆனாலும் நடக்கும். கார்புரேட்டர் வைத்த சின்ன விமானங்களில், காற்றில் ஈரம் இருந்தால் 30 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில்கூட ஐஸ் கட்டலாம்.

மண்பானையில் தண்ணீர் குளிரும் சங்கதிதான் இது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. அதன் குறுகிய தொண்டையில் காற்றழுத்தமும் குறைவதால், வெப்பநிலை சட்டென்று 30 டிகிரிக்கும் அதிகமாகக்கூடக் குறைந்துவிடும். காற்றிலிருக்கும் ஈரம் உறைந்து, காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தகட்டில் ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கும். என்ஜின் மூச்சுத் திணறும்.

அப்படித் திணறிய ஒரு என்ஜினின் கதை இது. 1927 மே 10 அன்று விமானி சார்லஸ் லிண்ட்பெர்க் சான் டியாகோவிலிருந்து செயின்ட் லூயிஸுக்குக் கிளம்பினார். அரிசோனா மலைகளுக்கு மேலே, இரவில், என்ஜின் இருமத் தொடங்கியது. உயரம் குறைந்துகொண்டே வந்தது. கீழே மலை, இறங்க இடமில்லை. இருட்டில் வட்டமடித்தபடியே சமாளித்தார். பிறகு என்ஜின் தேறிக்கொண்டது. ஐஸ்தான் காரணம் என்று அவருக்குச் சந்தேகம். கார்புரேட்டருக்குச் சூடான காற்றைக் கொடுக்கும் அமைப்பு அப்போதே இருந்தது. அவருடைய விமானத்தில்தான் இல்லை. நியூயார்க் போய்ச் சேர்ந்ததும் அதைப் பொருத்தச் சொன்னார். மே 20 அன்று அந்த ஹீட்டரோடுதான் பாரிஸுக்குப் பறந்தார். அட்லாண்டிக்கைத் தாண்டிய சாகசத்தைச் சொல்பவர்கள் இந்தச் சின்னப் பொருளை விட்டுவிடுவது எனக்கு வருத்தம்தான்.

இன்று அந்த ஹீட்டர், 'கார்ப் ஹீட்' என்ற பெயரில் விமானியின் கைக்கு எட்டும் ஒரு குமிழ். இழுத்தால், புகைக்குழாயைச் சுற்றியுள்ள உறைக்குள் சூடேறிய காற்று கார்புரேட்டருக்குப் போகும். புதிதாகக் கற்பவர் தடுமாறுவது இங்கேதான். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதனால் இழுத்ததும் சக்தி இன்னும் இறங்கும். உருகிய ஐஸ் தண்ணீராகி என்ஜினுக்குள் போகும்போது அது முன்னைவிட மோசமாகக் குலுங்கும். பயந்துபோய்க் குமிழை உள்ளே தள்ளிவிட்டால் தொலைந்தது. பொறுத்தால் என்ஜினின் சுழல்வேகம் (ஆர்.பி.எம்.) மெல்ல ஏறும்.

என்ஜின் நின்றேவிட்டால் செஸ்னா 172 போன்ற விமானம் 3,000 அடியிலிருந்து சுமார் எட்டு கிலோமீட்டர் மிதந்து இறங்கும். 2025 நவம்பரில் புதுக்கோட்டை அருகே ஒரு பயிற்சி விமானம் கோளாறாகி நெடுஞ்சாலையில் இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள். சாலை கிடைக்காமல் கோவில்பட்டிக் கரிசலில் இறங்க வேண்டியிருந்தால், ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை வேறு. மழையில் ஊறிய கரிசலில் மூக்குச் சக்கரம் புதைந்தால் விமானம் குப்புறக் கவிழும். காற்றில் ஈரம் ஏறி ஐஸ் கட்ட வசதியான காலமும் அதுதான்.

கோவில்பட்டிப் பக்கத்தில் ஒரு மில் நிர்வாகத்தின் பழைய ஓடுதளம் இருக்கிறது. அங்கே விமானப் பயிற்சிப் பள்ளி கொண்டுவர, தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ முயல்கிறது. கார்புரேட்டர் விமானங்கள் வந்தால், இங்கே பயிலும் பிள்ளைகள் குமிழை இழுக்கப் பழகுவதோடு, எப்போது இழுக்கக் கூடாது என்பதையும் பழக வேண்டியிருக்கும். சூடான காற்று ஃபில்டர் வழியாக வருவதில்லை. எனவே கோடையில் புழுதி பறக்கும்போது, தரையில் ஓட்டிச் செல்கையில் அந்தக் குமிழைத் தேவையில்லாமல் இழுத்து வைக்கக் கூடாது. கரிசல் தூசி நேராக சிலிண்டருக்குள் போய்விடும்.