உலர்ந்த ரப்பரும் உலராத துணியும்: ஈரம் போக்கிய வரலாறு

கெடா மாநிலத்தில் கோல மூடா மாவட்டம், பீடோங்கை ஒட்டிய ஊர் சுங்கை லாலாங். ‘சுங்கை’ என்றால் ஆறு, ‘லாலாங்’ என்றால் புல். பெயரிலேயே ஈரம் இருக்கிறது. ஊரிலும் அப்படித்தான். மழை விடாத வாரத்தில் துணி காயவே காயாது. இப்போது சில வீடுகளில் ஈரநீக்கி என்ற பெட்டியை வாங்கி வைக்கிறார்கள். ‘இது என்ன புதுசா?’ என்று மாணவர்கள் கேட்கலாம். பெட்டிதான் புதுசு; ஈரத்தோடு நடக்கும் போராட்டம் நம்ம தோட்டங்களில் நூறு ஆண்டுக்கு மேல் பழமையானது. அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை இலண்டனுக்குக் கொண்டு போனார். அடுத்த ஆண்டு கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெடாவிலும் காடு அழிந்து ரப்பர் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் வழியாகத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து நம் முன்னோர் வந்து சேர்ந்தார்கள். மரம் வெட்டுவதும் பால் சேர்ப்பதும் எல்லோரும் அறிந்த கதை. பாலுக்கு அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி நாம் அதிகம் எழுதுவதில்லை.

ரப்பர் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதி பெரும்பாலும் நீர். பாலில் அமிலம் சேர்த்து உறைய வைத்து, உருளைகளுக்கு இடையே விட்டு மெல்லிய தகடாக அழுத்துவார்கள். கடைசி உருளையில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். அது அழகுக்காக இல்லை. வரி விழுந்தால் தகட்டின் பரப்பு கூடும்; ஈரம் சீக்கிரம் போகும். பிறகு தகடுகளைக் கம்புகளில் தொங்கவிட்டுப் புகைக்கூடத்தில் பல நாள் வைப்பார்கள். கீழே விறகு எரியும். வெப்பம் 40 பாகையில் தொடங்கி 60 பாகை வரை படிப்படியாக ஏறும். கூரையில் இருக்கும் திறப்பு வழியாக ஈரக்காற்று வெளியேறும். புகையில் உள்ள சில பொருள்கள் பூசணம் பிடிக்காமல் காக்கும்.

இதன் அறிவியல் எளிது. 30 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். நம்ம ஊரில் ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால், அதில் ஏற்கெனவே 24 கிராம் இருக்கிறது. இடம் கொஞ்சம்தான் மிச்சம். அதனால்தான் துணி காய மறுக்கிறது. அதே காற்றை 50 பாகைக்குச் சூடாக்கினால் அது 80 கிராமுக்கு மேல் தாங்கும். அப்போது ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிடும். காற்றுக்குத் தாகம் எடுக்கிறது என்று சொல்லலாம். தகட்டின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும்.

தகடு சரியாகக் காயாவிட்டால் வெண்திட்டு தெரியும், பூசணம் படியும், தரம் இறங்கும், விலை குறையும். அதனால் தோட்ட நிர்வாகம் புகைக்கூடத்தை விழிப்போடு பார்த்துக்கொண்டது. இரவிலும் நெருப்பைக் கவனிக்க ஆள் வேண்டும்.

இனி லயத்துக்கு வருவோம். விடியுமுன் பெரட்டுக்குப் போய், பனியிலும் சேற்றிலும் நடந்து, பால் சிந்திய சட்டையோடு திரும்பியவர்களுக்கு உலர்த்தும் அறை எது? வெயில் இருந்தால் கொடிக்கயிறு. மழை பெய்தால் அடுப்புக்கு மேலே கட்டிய கயிறு. ஒட்டி ஒட்டிக் கட்டிய லயத்து அறைகளில் சமைப்பதும் படுப்பதும் துணி காய்வதும் நெருங்கிய இடத்திலேயே நடந்தன. காயாத சட்டையையே மறுநாள் காலையில் போட்டுக்கொண்டு போக வேண்டும்.

இலக்கணம் படிக்கும் மாணவர்களுக்கு இங்கே நல்ல எடுத்துக்காட்டு கிடைக்கிறது. ‘துணி உலர்ந்தது’ என்பது தன்வினை. ‘ரப்பரை உலர்த்தினார்கள்’ என்பது பிறவினை. தோட்டத்தில் ரப்பருக்குப் பிறவினை கிடைத்தது: அதற்கென்று ஒரு கட்டடம், விறகு, ஆள், கணக்கு. தொழிலாளியின் துணிக்குத் தன்வினைதான், காய்ந்தால் காயட்டும்.

கெடாவில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் கோடைக்காலப் புழுக்கத்தால் தாள் விரிந்து, வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தவில்லை. வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் குளிர்ந்த குழாய்ச் சுருள்களின் மேல் காற்றைச் செலுத்தி ஈரத்தைக் குறைக்கும் அமைப்பை வடிவமைத்தார். இன்றைய குளிர்சாதனத்தின் தொடக்கங்களில் அது முக்கியமானது. அங்கேயும் உலர்ந்த காற்று முதலில் தாளுக்காகத்தான் வந்தது, வேலை செய்த ஆளுக்காக அல்ல.

இன்றைய ஈரநீக்கியும் அதே வழியில் இயங்குகிறது. விசிறி அறைக்காற்றை இழுக்கும். குளிர்ந்த சுருளில் பட்டதும் காற்றால் அவ்வளவு நீராவியைத் தாங்க முடியாது. 10 பாகையில் ஒரு கன மீட்டர் 9 கிராமுக்குச் சற்று அதிகம்தான் தாங்கும். மிச்சம் நீராகச் சொட்டித் தொட்டியில் விழும். பிறகு காற்று சூடான சுருளைக் கடந்து உலர்ந்து வெளியே வரும். புகைக்கூடம் காற்றைச் சூடாக்கி அதன் கொள்ளளவைக் கூட்டியது. ஈரநீக்கி காற்றிலிருந்து நீரையே எடுத்துவிடுகிறது. ஒரே கணக்குக்கு இரண்டு விடை.

பிறகு ஏன் இப்போது இது தேவைப்படுகிறது? 1965-இல் மலேசியத் தர ரப்பர் திட்டம் வந்தது. கட்டி ரப்பரை ஆலையிலே சூடான காற்றில் சில மணி நேரத்தில் உலர்த்தினார்கள். பல இடங்களில் புகைக்கூடங்களுக்கு வேலை குறைந்தது. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. மக்கள் தாமான் வீடுகளுக்கு வந்தார்கள். சுவர் கெட்டியானது, வசதி கூடியது. ஆனால் பின்கட்டைக் கூரை போட்டு மூடிச் சமையலறையைப் பெரிதாக்கியதும், வெயில் விழுந்த இடம் போய்விட்டது. துணி உள்ளே காய்கிறது. அந்த நீர் சுவரிலும் அலமாரியிலும் இறங்கி, பூசணமாகத் தலைகாட்டுகிறது. இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கு அது தொல்லை.

பெட்டி வாங்கியவர்கள் சின்ன அறையில் வைத்து, சன்னலைச் சாத்தி, துணிகளுக்கு இடைவெளி விட்டுத் தொங்கவிட வேண்டும். சன்னல் திறந்திருந்தால் ஊர்க்காற்றை எல்லாம் உலர்த்தப் பார்த்து மின்கட்டணம்தான் ஏறும். அறையின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூசணம் எளிதில் வளராது. வெயில் இருக்கும் நாளில் கொடிக்கயிறே போதும், அதற்குச் செலவில்லை.

தொழிலாளர் வீட்டு வசதிக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று 1966-இல் சட்டம் வந்தது. 1990-இல் விரிவான சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. 2019-இல் செய்த திருத்தம் தோட்டம், சுரங்கம் மட்டுமன்றி மற்றத் துறைகளுக்கும் அதை நீட்டியது. ஆக, ‘தொழிலாளி எந்தக் காற்றில் படுக்கிறார்?’ என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளிலும் அதே கேள்விதான்.

வகுப்பில் இதைப் பயன்படுத்த விரும்பும் ஆசிரியர்கள் மாணவர்களிடம் ஒரு வேலை கொடுக்கலாம். வீட்டுப் பெரியவர்களிடம், ‘மழைக்காலத்தில் வேலைச் சட்டையை எங்கே காயப்போட்டீர்கள்?’ என்று கேட்டு ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். ரப்பர் விலை ஏட்டில் இருக்கும். இந்தப் பதில் ஏட்டில் இல்லை. தமிழில் ஈரம் என்றால் அன்பும்தான். அந்த ஈரம் காய்வதற்குள் கேட்டு எழுதிவிடுவது நல்லது.