எடைக்கு விற்ற கடதாசியும் இரவல் தந்தவருக்கான துஆவும்

ஆசிரியத் தொழிலில் இருப்பவனுக்குக் குறிப்பெழுதுவது புதிய காரியமல்ல. பாடக் குறிப்பு, வரவு இடாப்பு, அதிபரின் சம்பவத் திரட்டுப் புத்தகம் என்று எழுதியே எமது நாள் கழிகிறது. இவற்றுக்கு அப்பால், செய்ய வேண்டியதையும் கேட்டறிந்ததையும் தனக்கென்று குறித்துவைக்கும் கொப்பியொன்றும் பலரிடம் உண்டு. அத்தகைய சொந்தக் குறிப்புகளை எப்படி எழுதுவது, எப்படிப் பேணுவது என்பதற்கு எமது அறிவு மரபிலேயே ஒரு பாடம் இருக்கிறது. அதில் பின்பற்ற வேண்டியதும் உண்டு. தவிர்க்க வேண்டியதும் உண்டு.

கெய்ரோவின் பெரும் வரலாற்றாசிரியர் தகியுத்தீன் அஹ்மத் அல்-மக்ரீஸி 1364இல் பிறந்து 1442இல் காலமானவர். இப்னு கல்தூனிடம் கற்றவர். இளமையில் சுல்தானின் கடிதப் பணிமனையில் எழுத்தராகவும், 1399இல் நகரின் சந்தைகளைக் கண்காணிக்கும் முஹ்தஸிபாகவும் பணியாற்றியவர். பிற்காலத்தில் பதவிகளை விட்டொதுங்கி எழுத்திலேயே மூழ்கினார். அவரது நூல்களின் பரப்பைக் காண்போர், ஒரு மனிதரால் இத்தனையும் எவ்வாறு இயன்றது என வியப்பர்.

அந்த வியப்புக்கு விடை தரும் கையெழுத்துக் கொப்பியொன்று பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அது மக்ரீஸி தம் கையாலேயே எழுதிய குறிப்புக் கொப்பி என்பதை ஆய்வாளர் பிரெடெரிக் போதன் 1997இல் இனங்கண்டார். வாசித்த நூல்களின் சுருக்கங்களும் தனித்தனிச் செய்திகளும் அதில் உள்ளன. ஒரு விடயத்தை எழுதியபின் பின்னர் கிடைக்கக்கூடிய தகவலுக்காக வெற்றிடம் விடுவதும், இடம் போதாதபோது துண்டுக் கடதாசியில் எழுதித் தாள்களுக்கிடையே செருகுவதும் அவரது வழக்கம். நூல் எழுத அமரும்போது அவர் வெறுங்கையோடு அமரவில்லை. பல வருடங்களாகச் சேர்த்த குறிப்புகள் பக்கத்தில் காத்திருந்தன.

அவர் எழுதிய கடதாசிக்கும் ஒரு கதையுண்டு. மம்லூக் அரச ஆணைகளில் சுல்தானின் மகிமையைக் காட்டும் பொருட்டு வரிகளுக்கிடையே பெரும் இடைவெளி விடுவர். 1389இல் சுல்தான் பர்கூக் பதவியிழந்து பின்னர் மீண்டும் அரியணையேறிய காலத்துக் குழப்பங்களில், கோட்டையிலிருந்த கடிதப் பணிமனையின் ஆவணங்கள் அள்ளப்பட்டு எடைக்கு விற்கப்பட்டதை மக்ரீஸியே தமது 'கிதத்' நூலில் வருத்தத்தோடு பதிந்துள்ளார். அவ்வாறான பழைய ஆணைகளின் வெற்றிடங்களில்தான் தம் குறிப்புகள் பலவற்றை அவர் எழுதினார். அதனால் 14ஆம் நூற்றாண்டின் அரச ஆவணங்கள் சிலவற்றின் பகுதிகளும் தப்பிப் பிழைத்தன.

இத்தகைய குறிப்பின் பெறுமதியை அறிய எமது நாட்டுச் சம்பவமொன்றே போதும். 1283இல், ஹிஜ்ரி 682இல், யாப்பஹுவையிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு மன்னனின் தூதுக்குழு கெய்ரோவில் சுல்தான் கலாவூனின் அவையை அடைந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் அல்-ஹாஜ் அபூ உஸ்மான் என்ற முஸ்லிம். கொண்டுசென்ற கடிதத்தை வாசிக்க அங்கு எவருக்கும் தெரியவில்லை. தூதர்கள் வாய்மொழியாகச் சொன்ன பொருளே எழுத்திற் பதிந்தது. தாம் பிறப்பதற்கு எண்பது வருடங்களுக்கு முந்திய இச்செய்தியை முன்னோரின் எழுத்திலிருந்து எடுத்து மக்ரீஸி தமது 'சுலூக்' வரலாற்றிற் சேர்த்தார். இந்நாட்டு முஸ்லிம்களின் பழமையைப் பேசும்போதெல்லாம் நாம் மேற்கோள் காட்டும் செய்தி, யாரோ ஓர் எழுத்தர் தம் கடமைநேரத்தில் குறித்துவைத்ததுதான்.

இனி மறுபக்கம். இரவல் வாங்கி வாசித்த கையெழுத்துப் பிரதிகளின் முகப்பில் மக்ரீஸி சிறு குறிப்பொன்றை எழுதிவைப்பார்: தாம் இதிலிருந்து பயன்பெற்றதாகவும், இரவல் தந்தவருக்காகத் துஆச் செய்வதாகவும், தம் பெயரோடும் வருடத்தோடும் எழுதுவார். எத்தனை அழகிய பண்பு! ஆனால் அதே மனிதர்மீதுதான் அடுத்த தலைமுறை அறிஞர் அஸ்-ஸகாவி கடுமையான குற்றச்சாட்டொன்றைச் சுமத்தினார். 1408இல் காலமான அயலவர் அல்-அவ்ஹதி கெய்ரோவின் தெருக்களையும் கட்டடங்களையும் பற்றி எழுதிவைத்திருந்த வரைவைப் பெற்று, மக்ரீஸி அதைத் தம் 'கிதத்' ஆக்கிக்கொண்டார் என்பதே அது. இது பொறாமையின் பேச்சென்று பலர் ஒதுக்கினர். எனினும், இஸ்தான்புல்லில் உள்ள 'கிதத்' வரைவுப் பிரதிக்குள் அவ்ஹதியின் கையெழுத்துத் தாள்களே இருப்பதைப் போதன் 2010இல் எடுத்துக்காட்டினார்.

நீதியாகச் சொல்வதானால், அவ்ஹதியின் வரைவுகளால் பயன்பெற்றதை மக்ரீஸி தமது வாழ்க்கை வரலாற்றுத் தொகுப்பொன்றில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் அதை விரிவாக்கி, தம் உழைப்பையும் பெருமளவு சேர்த்தார் என்பதும் உண்மை. ஆயினும் சொல்ல வேண்டிய இடமாகிய 'கிதத்' நூலில் அப்பெயரைச் சொல்லவில்லை. 'யாரிடம் கேட்டீர்?' என்ற கேள்வியை இல்மின் வாசற்படியாக வைத்த ஸனது மரபில் இது சிறு குறையன்று.

அவரைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆசிரியர் கலாசாலையிலிருந்து வெளியேறிய காலத்தில் எமதூர்ப் பெரியவர்களிடம் பழைய கதைகளைக் கேட்டுக் கொப்பியொன்றில் எழுதினேன். பள்ளிவாசல் கட்டிய கதை, வெள்ளம் வந்த வருடம், வயற்காணிகளின் பழைய பெயர்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. சொன்னவரின் பெயரும் கேட்ட திகதியும் மட்டும் இல்லை. ஞாபகம் இருக்கும் என்று நம்பிவிட்டேன். இன்று ஒரே சம்பவத்துக்கு மூன்று கதைகள் அதில் கிடக்கின்றன. எது யாருடையது என்று கேட்க அவர்களில் ஒருவருமில்லை. அவர்களுடைய சொத்தை வாங்கி, பெயரை அழித்துவிட்டு வைத்திருப்பவனாகவே என்னை உணர்கிறேன்.

குறிப்பு ஓர் அமானிதம். எதை எழுதினாலும் யாரிடமிருந்து, எப்போது என்ற இரண்டையும் அதே வரியில் எழுதிவிட வேண்டும். மேலதிகத் தகவலுக்குச் சற்று இடம் விட வேண்டும். வீட்டில் பழைய கடதாசிகளை எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். யாரோ ஒரு வாப்பாவின் கையெழுத்து அதில் இருக்கலாம்.