விழிவிளிம்பும் செவிலிக் கலங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

அறிவியலின் வரலாற்றைக் கண்டுபிடிப்பாளரின் பெயர்ப்பட்டியலாகக் கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆயின் ஒரு வினா எவ்வாறு பிறந்தது, அதற்கு முதலிற் கூறப்பெற்ற விடை ஏன் போதாதாயிற்று என ஆராய்வதே வரலாற்றின் பணியாகும். கண்ணின் முன்புறத்தே பளிங்கெனத் திகழும் விழிவெண்படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் முறை பற்றிய ஆய்வு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு. சுண்ணாம்போ அமிலமோ பட்டுப் பார்வையிழந்தோர் பலருக்கு அளிக்கப்பட்ட சிகிச்சை ஏன் பயனற்றுப் போயிற்று என்னும் வினாவே இவ்வாய்வுக்கு உந்துதலளித்தது.

விழிவெண்படலம் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்புடையது. குருதிக் கலன்கள் அற்றது. அதன் மேற்பரப்பை ஐந்து தொடக்கம் ஏழு படைகள் கொண்ட மேலணி போர்த்துள்ளது. இம்மேலணியின் கலங்கள் ஓயாது உதிர்கின்றன. உதிர்ந்தவற்றின் இடத்தைப் புதியன நிரப்புகின்றன. ஓரிரு வாரங்களில் மேலணி முழுவதும் புதியதாகிவிடுகின்றது. அப்புதிய கலங்கள் எங்கிருந்து வருகின்றன என்பது நெடுங்காலம் தெளிவுறாதிருந்தது. உள்ளவிடத்திலேயே அவை பெருகுகின்றன என்பதே பலரது எண்ணமாயிருந்தது.

மனிதரில் வெற்றி கண்ட முதலாவது விழிவெண்படல மாற்றுச் சிகிச்சையை எட்வாட் சிர்ம் என்னும் மருத்துவர் 1905ஆம் ஆண்டு டிசெம்பர் 7ஆம் நாள் ஒல்மியுற்ஸ் நகரில் நிகழ்த்தினார். அந்நகர் இன்று செக் குடியரசில் உள்ளது. நோயாளி சுண்ணாம்பினால் இரு கண்களும் புண்பட்ட ஒரு தொழிலாளி. அவருக்குப் பொருத்தப்பட்ட படலங்களுள் ஒன்று தெளிவுடன் நிலைத்தது. 1930களில் ஒடெசா நகரில் பிலாற்றோவ் என்பார் இறந்தோரின் விழிவெண்படலத்தையும் பயன்படுத்தலாம் என நிறுவியபின் இச்சிகிச்சை பரவலாயிற்று. இலங்கையில் ஹட்சன் சில்வா 1961இல் நிறுவிய கண்தானச் சங்கம் இவ்வழியில் வந்ததே. 1964இல் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்ட விழிவெண்படலங்களைத் தொடர்ந்து இந்நாடு உலகின் பல நாடுகளுக்குப் பார்வையை ஈந்தது.

எனினும் ஒரு குறை நீடித்தது. இரசாயனத்தாற் கடுமையாக எரிந்த கண்களிற் பொருத்தப்பட்ட படலம் சிறிது காலம் தெளிவாயிருந்து, பின்னர் மங்கலாயிற்று. வெண்பகுதியைப் போர்த்தும் இமையிணைப் படலம் குருதிக் கலன்களோடு உள்நோக்கி வளர்ந்து அதனை மூடியது. மீண்டும் மாற்றினும் பயன் அதுவே. நல்ல படலத்தை வைத்த பின்னும் கண் ஏன் தெளியவில்லை?

இதற்கான குறிப்பு நிறப்பொருளிலிருந்து கிடைத்தது. 1944இல் ஐடா மான் என்னும் கண் மருத்துவர், முயலின் கண்ணிற் காயம் ஆறும்போது ஓரத்திலுள்ள நிறமுடைய கலங்கள் விழிவெண்படலத்தை நோக்கி நகர்வதை அவதானித்தார். 1971இல் நோர்வே நாட்டைச் சேர்ந்த டவாங்கர், ஈவென்சன் ஆகிய இருவரும் நிறம் மிக்க கண்களில் இத்தகைய நகர்ச்சியைக் கண்டு, மேலணியைப் புதுப்பிக்கும் கலங்கள் விழிவெண்படலமும் வெண்பகுதியும் சந்திக்கும் விளிம்பிலிருந்தே வருகின்றன எனக் கருத்துரைத்தனர். வெளிறிய கண்களில் எளிதிற் புலப்படாதவொன்றைக் கரிய நிறம் காட்டிக்கொடுத்தது எனலாம்.

கருத்தாக இருந்ததைச் சான்றுகள் உறுதிப்படுத்தின. 1983இல் தொவ்ற், பிரெண்ட் ஆகியோர், அடிப்படையிற் பிறக்கும் கலங்களும் ஓரத்திலிருந்து மையம் நோக்கி வரும் கலங்களும் சேர்ந்து உதிர்வனவற்றுக்குச் சமனாதல் வேண்டும் எனச் சமன்பாடாக வகுத்தனர். 1986இல் சன் என்பாரின் குழுவினர் முயலின் கண்ணை ஆராய்ந்து, விழிவெண்படல மேலணியெங்கும் காணப்படும் ஒருவகைக் கெரட்டின் புரதம் விளிம்பின் அடிப்படைக் கலங்களில் மாத்திரம் இல்லை எனக் கண்டனர். அக்கலங்கள் இன்னும் முதிர்ச்சியுறாதவை என்பது இதனாற் பெறப்பட்டது. 1989இல் எலியின் கண்ணிற் கதிர்த்தொழிற்பாடுடைய அடையாளமிட்டு நோக்கியபோது, மிக மெதுவாகப் பிரிவடையும் கலங்கள் அவ்விளிம்பிலேயே தங்கியிருந்தன. மெதுவாகப் பிரிதலும் நெடுநாள் நிலைத்தலும் குருத்துக் கலங்களின் இயல்புகளாம்.

இதனால் முன்னைய தோல்விகளின் காரணம் விளங்கிற்று. எரிந்த கண்ணில் விளிம்பும் அழிந்திருந்தது. தானமாகப் பெற்ற நடுப்பகுதியில் மேலணியை நெடுங்காலம் புதுப்பிக்கவல்ல குருத்துக் கலங்கள் இல்லை. 1989இல் கென்யன், செங் ஆகியோர் நோயாளியின் நலமான கண்ணின் விளிம்பிலிருந்து சிறு துண்டுகளை எடுத்துப் புண்பட்ட கண்ணிற் பொருத்தி நற்பயன் கண்டனர். ஆயின் எஞ்சிய நற்கண்ணையும் ஊறு செய்துவிடலாகாதே என்னும் அச்சம் இருந்தது.

இங்கேதான் துணைக் கலங்களின் பங்கு நம் கவனத்துக்குரியதாகின்றது. தமிழ் அகமரபில் ஈன்ற நற்றாயோடு வளர்க்கும் செவிலித்தாயும் இடம்பெறுவாள். கலங்களின் உலகிலும் இத்தகைய ஓர் உறவு உண்டு. 1975இல் அமெரிக்காவில் றைன்வால்ட், கிறீன் ஆகிய இருவரும் மனிதத் தோலின் மேலணிக் கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்க்க முயன்றபோது, அவை தனித்து நன்கு வளரவில்லை. கதிர்வீச்சினாற் பெருக்கம் தடுக்கப்பட்ட எலியின் இணைப்பிழையக் கலங்களைக் கீழே பரப்பியபோதோ அவை செழித்தன. 1978இல் இங்கிலாந்தின் ஸ்கோபீல்ட், குருதியின் குருத்துக் கலங்களை ஆராய்ந்து, குருத்துக் கலத்தின் தன்மையை அதன் உறைவிடமே காத்து நிற்கின்றது எனக் கருதினார்.

இவ்விரு கருத்துகளும் கண் ஆய்வில் ஒன்றுசேர்ந்தன. 1997இல் இத்தாலியின் பெல்லகிறினியும் டி லூக்காவும் அவர்தம் குழுவினரும், நற்கண்ணிலிருந்து ஒரு சதுர மில்லிமீற்றர் அளவினதான துண்டை எடுத்து, செவிலிக் கலங்களின்மீது வளர்த்து, இருவரின் கண்களைச் சீராக்கினர். 2010இல் வெளியான ஆய்வில் 112 நோயாளரின் கண்களுள் 76.6 சதவீதம் நிலையாகச் சீரடைந்தமை தெரியவந்தது. வளர்த்த கலங்களிற் குருத்துத் தன்மையைக் காட்டும் அடையாளப் புரதம் செறிந்தவை 3 சதவீதத்தை விஞ்சியபோது வெற்றி 78 சதவீதம்; அதற்குக் குறைந்தபோது 11 சதவீதமே. வெற்றி கலங்களின் தொகையை அன்று, தன்மையையே சார்ந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் இம்முறைக்கு அனுமதி வழங்கியது.

இயற்கையில் இச்செவிலிப் பணியைப் புரிவன யாவை? விளிம்பில் ஆரைவழியே அமைந்த வரம்புகளிடையே குருத்துக் கலங்கள் ஒதுங்கியிருக்கின்றன. அவற்றைச் சூழ்ந்துள்ள நிறக்கலங்கள் புறவூதாக் கதிரினின்று காக்கும் நிறப்பொருளை வழங்குகின்றன. கீழுள்ள இணைப்பிழையக் கலங்கள் வளர்ச்சிக்குரிய சமிக்ஞைகளை விடுக்கின்றன. குருதிக் கலன்கள் ஊட்டமளிக்கின்றன. இவ்வுறைவிடம் தழும்பாகிவிடின், விதைக்கப்பட்ட குருத்துக் கலங்களும் நிலைத்தல் அரிது.

செலவு மிக்க ஆய்வுகூடமின்றியும் இச்சிகிச்சை இயலும் என்பதை 2012இல் ஐதராபாத்தின் எல். வி. பிரசாத் கண் நிறுவகத்தினர் காட்டினர். நற்கண்ணின் சிறு விளிம்புத் துண்டைப் பல கூறாக்கி, புண்பட்ட கண்ணின்மேல் விரித்த பனிக்குடப் படலத்திற் பரப்பினர். கண்ணே வளர்ப்புக் கலமாயிற்று. இரு கண்களையும் இழந்தோருக்கு வாயின் உட்புற மேலணியைப் பயன்படுத்தலாம் என 2004இல் யப்பானியர் காட்டியிருந்தனர். வெற்றிலைச் சுண்ணாம்பு சிறுவர் கண்களுக்கு ஊறு விளைக்கும் தென்னாசியாவுக்கு எளிய முறையின் தேவை சொல்லாமலே விளங்கும்.

நூறாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. முதலில் மருத்துவர் நோக்கியது ஒளி புகும் மையத்தை. பின்னர் நோக்கியது அதனைப் புதுப்பிக்கும் விளிம்பை. அதன் பின்னரே அவ்விளிம்பைப் பேணும் செவிலிக் கலங்களை. மையத்தின் தெளிவு ஓரத்தில் ஓயாது உழைப்பனவற்றின் நலனைப் பொறுத்தது. இதனை உணரப் பல தோல்விகள் வேண்டியிருந்தன. அத்தோல்விகளைப் புறக்கணியாது அவற்றின் காரணத்தைத் தேடியவர்களாலேயே இவ்வரலாறு முன்னேறியது.