பென்சிலும் ஒரு மண்பாண்டமே!

ஓவியம் பழகத் தொடங்கியவர் ஒருவர், நீர்வண்ணம் தீட்டக் கற்பவர் ஒருவர், மண்பாண்டம் வனையச் சேர்ந்தவர் ஒருவர், ஆக மூவர் தத்தம் பட்டியலுடன் கடைக்குச் செல்வதாகக் கொள்வோம். முதலாமவர் பென்சில் கேட்பார். இரண்டாமவர் வண்ணப் பெட்டி கேட்பார். மூன்றாமவர் களிமண் கேட்பார். களிமண் வாங்குபவர் ஒருவர் மட்டுமே என்று நமக்குத் தோன்றும். உண்மையில் மூவர் பையிலும் களிமண் உண்டு. முதல் இருவர் வாங்கியது சூளையில் வெந்த களிமண்!

பென்சிலிலிருந்தே தொடங்குவோம். அதனுள் இருப்பது ஈயம் என்று ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினர். 'கறுப்பு ஈயம்' என்றே அதற்குப் பெயர். அது ஈயமன்று, கரியின் ஒரு வடிவமே என்று சுவீடன் நாட்டு வேதியியலார் ஷீலே 1779-இல் காட்டினார். பின்னர் அதற்குக் கிராபைட் என்ற பெயர் வந்தது. அறுத்துக் குச்சியாக்கும் அளவுக்குத் திண்மையும் தூய்மையும் கொண்ட கிராபைட் இங்கிலாந்தின் வடமேற்கே பாரோடேல் என்னும் மலைப் பள்ளத்தாக்கில் கிடைத்தது. பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுகளின் உட்புறத்தில் பூசவும் அது பயன்பட்டதால் அதன் மதிப்பு உயர்ந்தது. சுரங்கத்துக்குக் காவல் போட்டனர். அங்கே திருடுவதைக் கடுங்குற்றமாக்கி 1752-இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. எழுதுகோலின் கருவுக்கு இத்தனை கெடுபிடி!

1793-இல் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போர் மூண்டது. பிரான்சுக்குப் பென்சில் வரத்து நின்றது. வரைபடம் இன்றிப் பொறியாளரும் படைத்தலைவரும் என் செய்வர்? படைத்துறைப் பொறுப்பிலிருந்த லசார் கார்னோ, நிக்கோலா ழாக் கோன்ட்டே என்பவரிடம் இச்சிக்கலை ஒப்படைத்தார். கோன்ட்டே ஓவியர், அதே வேளையில் பொறியியல் வல்லுநர். பலூன்களுக்கான ஹைட்ரஜன் ஆய்வில் நேர்ந்த வெடிப்பில் இடக்கண்ணை இழந்தவர். எழுதுகோலுக்குத் தானே உதவாத மட்டமான கிராபைட்டைப் பொடி செய்து, களிமண்ணும் நீரும் சேர்த்துப் பிசைந்து, குச்சிகளாக்கிச் சூளையில் சுட்டார். 1795-இல் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார்.

இதில் களிமண்ணின் வேலை என்ன? அதன் துகள்கள் மிக நுண்ணிய தகடுகள். இடையே நீர் இருக்கும்வரை ஒன்றன்மீது ஒன்று வழுக்கும். ஆகவேதான் பிசைய வருகிறது. வெயிலில் உலர்ந்த களிமண்ணை மீண்டும் நீரில் கரைக்கலாம். ஆனால் 500 பாகை செல்சியசைத் தாண்டிச் சுட்டால், அதன் மூலக்கூறிலேயே பிணைந்திருந்த நீரும் வெளியேறுகிறது. பிறகு அது மண்ணாகத் திரும்புவதில்லை. பானைக்கு வலிமை தரும் அதே மாற்றந்தான் பென்சில் குச்சிக்கும் உறுதி தருகிறது. களிமண் மிகுந்தால் கடினமான, வெளிறிய கோடு. குறைந்தால் மென்மையான, கருத்த கோடு. கடைக்காரர் கேட்கும் 'எச்'சும் 'பி'யும் இந்தக் கலவையின் விகிதமே. புதிதாகப் பழகுபவருக்கு ஒரு எச்பி, ஒரு 2பி, ஒரு 4பி போதும். பன்னிரண்டு பென்சில் பெட்டி வீண் செலவு.

வண்ணப் பெட்டிக்கு வருவோம். முற்காலத்து ஓவியர் தாமே நிறப்பொடியை அரைத்து, கோந்து நீரில் குழைத்துக்கொண்டனர். இலண்டனில் ரீவ்ஸ் சகோதரர்கள் அதனைக் காய்ந்த வில்லைகளாக விற்றனர். 1781-இல் கலைகள் சங்கம் அவர்களுக்குப் பரிசளித்தது. பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்குச் சென்று தீட்டலாம் என்ற நிலை வந்தது.

ஆனால் நீலம் மட்டும் எட்டாக்கனியாகவே இருந்தது. சிறந்த நீலமான அல்ட்ராமரீன், ஆப்கானிஸ்தானத்து நீலக்கல்லிலிருந்து எடுக்கப்பட்டது. விலையோ பொன்னோடு போட்டியிட்டது. 1814-இல் பிரான்சில் சோடா உலை ஒன்றில் நீல நிறக் கட்டி படிந்திருக்கக் கண்டனர். அக்குறிப்பே வழிகாட்டியது. செயற்கை நீலம் செய்பவருக்கு 6000 பிராங்கு பரிசு என்று 1824-இல் அறிவித்தனர். 1828-இல் கீமே என்பவர் அதைப் பெற்றார். செர்மானிய வேதியியலார் குமெலின் அதே ஆண்டில் தம் முறையை வெளியிட்டார். மூலப் பொருள்கள் எவை தெரியுமா? வெள்ளைக் களிமண், சோடா, கந்தகம், கரி! களிமண்ணிலுள்ள அலுமினியமும் சிலிக்காவும் கூடுபோல் அமைய, அதனுள் சிறைப்பட்ட கந்தகம் நீலம் காட்டுகிறது. வெள்ளை வேட்டிக்குச் சலவை நீலமாக நம் வீடுகளில் நெடுநாள் புழங்கியதும் இதுவே.

எல்லா நிறமும் இவ்வளவு சாதுவன்று. ஷீலே 1775-இல் கண்ட பச்சையும், 1814-இல் வந்த மரகதப் பச்சையும் செம்பும் ஆர்சனிக் நஞ்சும் கலந்தவை. தூரிகை முனையை நாவால் கூராக்கும் பழக்கமுள்ளவர் கையில் இவை என்ன செய்யும் என்று சொல்லவேண்டியதில்லை.

சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-இல் ஓவியப் பள்ளி தொடங்கினார். மறு ஆண்டே தொழிற்பள்ளியையும் சேர்த்தார். பென்சிலும் சூளையும் அங்கே ஒன்று சேர்ந்தன; மட்பாண்டத் தொழிலும் கற்பிக்கப்பட்டது. இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி அதன் வழிவந்ததே.

மூன்றாமவரின் பட்டியலில்தான் கவனம் மிகுதியும் வேண்டும். பாண்டத்தின் மேல் கண்ணாடிபோல் பளபளக்கும் மெருகுக்குக் காரீயத்தைப் பயன்படுத்தியதால் இங்கிலாந்தின் பாண்டத் தொழிலாளர் பலர் நஞ்சேறி நலிந்தனர். பெரும்பாலான பாண்டங்களுக்குக் காரீயமே தேவையில்லை என்று தோர்ப், ஆலிவர் ஆகிய இருவரும் 1899-இல் அரசுக்கு அறிக்கை தந்தனர். ஆகவே மெருகு வாங்கும்போது காரீயம் அற்றதா என்று கேட்டே வாங்க வேண்டும். களிமண்ணும் ஈரமாக உள்ளவரை தீங்கற்றது; காய்ந்து தூசியானால் அதிலுள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து மாறாத நோய் தரும். வகுப்பு முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது; ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். ஒரு வாளியும் பழந்துணியும் அந்தப் பட்டியலில் முதலிலேயே இருக்கட்டும்.