பூட்டிய ஆலயத்தில் ஒரு பிரசங்கியார்



ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. பிரசங்க பீடத்தில் நின்று பேசுகிற குருவானவரைப் பார்த்தால், இவர் வாய் திறந்தால் கேட்க ஊரே காத்திருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் தம்முடைய பிரசங்கத்தை எவரும் உட்கார்ந்து கேட்கக்கூடாது என்று சபையாரே இருக்கைகளைப் பூட்டிவிட்டுப் போன நிலையைக் கண்ட ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். அவர்தாம் சார்ல்ஸ் சிமியோன்.

சிமியோன் 1759ஆம் ஆண்டு ரெடிங் என்ற ஊரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். குதிரையேற்றத்திலும் நல்ல உடையிலும் ஆசை மிகுந்த வாலிபர். 1779இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். மாணவர் யாவரும் திருவிருந்தில் பங்குபெற வேண்டும் என்பது அக்கல்லூரியின் விதி. தகுதியில்லாமல் அதை எப்படித் தொடுவது என்ற அச்சம் அவரைப் பிடித்துக்கொண்டது. பக்தி நூல்களைத் தேடிப் படித்தார். பழைய ஏற்பாட்டுக் காலத்தில் மக்கள் பலி மிருகத்தின் தலைமேல் கைவைத்துத் தம் பாவத்தை அதன்மேல் சுமத்தினார்கள் என்று ஒரு நூலில் வாசித்தார். அப்படியானால் என் பாவத்தைக் கிறிஸ்துவின்மேல் வைத்துவிடலாமே என்று அவருக்கு உதித்தது. அந்த ஆண்டு உயிர்த்தெழுந்த ஞாயிறன்று அவர் மனம் அமைதியடைந்தது.

1782இல், இருபத்து மூன்று வயதில், கேம்பிரிட்ஜ் நகரின் பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்குப் பேராயர் அவரைக் குருவாக நியமித்தார். சபையார் விரும்பியதோ வேறொருவரை. அக்காலத்தில் ஆலய இருக்கைகளுக்குச் சிறு கதவும் பூட்டும் உண்டு; அவை குடும்பங்களின் உரிமையாக இருந்தன. சபையார் அவற்றைப் பூட்டிவிட்டு, தாங்களும் வராமல் இருந்துவிட்டார்கள். கேட்க வந்தவர்கள் நடைபாதையில் நின்றார்கள். சிமியோன் தம் சொந்தச் செலவில் பலகைகள் வாங்கிப் போட்டார். ஆலயப் பொறுப்பாளர்கள் அவற்றைத் தூக்கி வெளியே எறிந்தார்கள்.

ஞாயிறு மாலையில் ஓர் ஆராதனை தொடங்கினார். ஆலயக் கதவையே பூட்டிச் சாவியை எடுத்துச் சென்றுவிட்டார்கள். மக்கள் தெருவில் காத்து நின்றதால், அன்று ஒருமுறை மட்டும் கொல்லனை அழைத்துக் கதவைத் திறக்கச் செய்தார். பிறகு, இப்படிப் போராடிப் பயனில்லை என்று விட்டுவிட்டு, ஓர் அறையை வாடகைக்கு எடுத்து அங்கே மக்களைக் கூட்டினார். ஞாயிறு பிற்பகல் பிரசங்கத்தைச் சபையார் பன்னிரண்டு ஆண்டுகள் பிறருக்கே கொடுத்தார்கள். 1794இல்தான் அது அவர் கைக்கு வந்தது.

இவ்வளவையும் பொறுத்தவர் பிறவியிலேயே சாந்தமானவரா என்றால், இல்லை. சட்டென்று கோபம் வரும் சுபாவம். தம்மைப் பற்றிய பெருமையும் இருந்தது. அதை அவரே நன்கு அறிந்திருந்தார். ஆகவேதான் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, தாமே தீ மூட்டி, ஜெபத்திலும் வேத வாசிப்பிலும் அமர்ந்தார். பால்மரம் வெட்டப் போகிறவர்களுக்கு அந்த நேரம் புதிதல்ல. அவருக்கோ அது பெரும்பாடு. தூங்கிவிட்டால் பணிப்பெண்ணுக்கு அரைக் கிரவுன் அபராதம் கொடுப்பது என்று முடிவு செய்தார். ஒருநாள் கதகதப்பான படுக்கையில், அந்த ஏழைப் பெண்ணுக்குக் காசு போனால் நல்லதுதானே என்று மனம் சமாதானம் சொல்லிற்று. உடனே விதியை மாற்றி, இனித் தூங்கினால் ஒரு கினி தங்கக்காசை ஆற்றில் எறிவேன் என்றார். ஒருமுறை எறியவும் செய்தார் என்று சொல்வார்கள். அதன்பின் தூங்கவில்லையாம்.

பிரசங்கத்திலும் அதே கண்டிப்பு. ஒரு பிரசங்கத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு மணி நேரம் உழைத்தார். வேதவசனத்தில் இருப்பதை வெளியே கொண்டுவர வேண்டுமே தவிர, நம் எண்ணத்தை அதற்குள் திணிக்கக்கூடாது என்பது அவர் கொள்கை. கேட்பவன் தன்னைத் தாழ்த்துகிறானா, மீட்பரை உயர்த்துகிறானா, வாழ்க்கையில் தூய்மை பெறுகிறானா என்ற மூன்றையும் கொண்டே தம் பிரசங்கத்தை அளந்தார். வெள்ளிக்கிழமைதோறும் மாணவர்களை அறைக்கு அழைத்துத் தேநீர் கொடுத்து, அவர்கள் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். 2,536 பிரசங்கக் குறிப்புகள் இருபத்தொரு தொகுதிகளாக அச்சேறின.

பீடத்தில் சொன்னதை வீதியிலும் செய்தார். 1788இல் ரொட்டி விலை ஏறி ஏழைகள் தவித்தபோது, நன்கொடை திரட்டி, சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் பாதி விலைக்கு ரொட்டி கிடைக்க ஏற்பாடு செய்தார். ரொட்டிக்காரர்கள் சொன்னபடி விற்கிறார்களா என்று திங்கட்கிழமைகளில் குதிரையேறிப் போய்ப் பார்த்தார்.

இவருடைய பணி நம் பக்கத்தையும் தொட்டது. இவருக்கு உதவிக்குருவாக இருந்த ஹென்றி மார்ட்டின் 1806இல் கல்கத்தா வந்து, புதிய ஏற்பாட்டை உருது மொழியில் பெயர்த்தார். இவரால் ஊக்கம் பெற்ற டேனியல் காரி 1835இல் சென்னையின் முதல் பேராயரானார். 1799இல் சர்ச் மிஷனரி சங்கம் உருவானதிலும் சிமியோனுக்குப் பங்குண்டு. அச்சங்கம் நெல்லைச் சீமையில் நடத்திய ஆலயங்களையும் பள்ளிகளையும் பற்றி உங்களில் சிலர் பாட்டன் பாட்டி வாயிலாகக் கேட்டிருக்கலாம்.

சிமியோன் ஐம்பத்து நான்கு ஆண்டுகள் அதே ஆலயத்தில் குருவாக இருந்து, 1836 நவம்பரில் காலமானார். அடக்கத்தன்று கேம்பிரிட்ஜ் நகரில் கடைகள் அடைக்கப்பட்டன. பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் நின்றன. நேயர்களே, ஒரு காலத்தில் அவரை எதிர்த்து இருக்கைகளைப் பூட்டிய ஊர், அன்று அவருக்காகவே கடைகளைப் பூட்டியது. இடையில் அவர் செய்தது, தினமும் எழுந்து தம் வேலையைச் செய்ததுதான்.