வால் தெருவின் ஆவி

'டாக்ஸி டிரைவர்' படம், சாலையிலிருந்து எழும் வெண்ணிற ஆவிக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் டாக்ஸி வெளியே வருவதோடு தொடங்கும். கல்லூரி நாட்களில் பார்த்தபோது அது ஏதோ புகை மெஷின் வேலை என்றுதான் நினைத்தேன். நிஜ ஆவியாம். நியூயார்க்கில் 1882இலிருந்து சாலைக்கு அடியில் நீராவிக் குழாய்கள் ஓடுகின்றன. குழாய் கசிந்தாலோ, சுடுகுழாயில் மழைத்தண்ணீர் பட்டாலோ ஆவி மேலே கிளம்பிவிடும்.

அந்தக் குழாய் ஏன் கீழ் மன்ஹாட்டனில் தொடங்கியது? அங்கேதான் வங்கிகள், பங்குத் தரகர்கள், காப்பீட்டுக்காரர்கள், பத்திரிகை அலுவலகங்கள் எல்லாம் தோளோடு தோள் உரசிக்கொண்டு இருந்தன. காகிதமும் பேச்சுமாக ஓடும் தொழில்கள். குளிர்காலத்தில் அத்தனை பேருக்கும் கணப்பு வேண்டும். கட்டடத்துக்குக் கட்டடம் பாய்லர், நிலக்கரி வண்டி, சாம்பல் வண்டி. இதற்குப் பதிலாக ஒரே இடத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குழாயில் அனுப்ப ஆரம்பித்தது வாலஸ் ஆண்ட்ரூஸின் நியூயார்க் ஸ்டீம் கம்பெனி.

அதே ஆண்டு செப்டம்பர் 4 அன்று எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் அதே வட்டாரத்தில் ஓடத் தொடங்கியது. முதல் நாள் எரிந்தவை சுமார் 400 விளக்குகள். ஜே.பி. மார்கனின் அலுவலகத்தில் நின்றுதான் எடிசன் அவற்றை ஏற்றினார். அவருடைய நேர்மின்சாரம் ஒரு மைலைத் தாண்டினாலே தடுமாறும், செம்புக் கம்பியின் விலையோ கழுத்தை நெரிக்கும். அதனால் அவருடைய ஆட்கள் வீடு வீடாகப் போய், யார் எத்தனை கேஸ் விளக்கு எரிக்கிறார்கள் என்று முன்கூட்டியே கணக்கெடுத்திருந்தார்கள். நெருக்கம் இல்லாவிட்டால் அந்த வியாபாரமே கிடையாது.

ஆனால் இதில் ஒரு சிக்கல். எல்லாரும் ஒரே மாதிரி வேலை பார்ப்பவர்கள். பொழுது சாயும்போது மொத்தமாக விளக்கைப் போடுவார்கள், பிறகு மொத்தமாக வீட்டுக்குப் போவார்கள். அந்தச் சில மணிநேரத்துக்காக வாங்கிய இயந்திரம் மற்ற நேரம் முழுக்கச் சும்மா கிடக்கும். எடிசனின் செயலாளராக இருந்த சாமுவேல் இன்சல் 1892இல் சிகாகோவுக்குப் போய் இதைத்தான் சரிசெய்தார். டிராம் கம்பெனிகளையும் தொழிற்சாலைகளையும் கட்டணத்தைக் குறைத்து இழுத்துப்போட்டார். வேறு வேறு நேரத்தில் மின்சாரம் கேட்கும் வாடிக்கையாளர்கள்தான் அவருக்குத் தேவைப்பட்டார்கள். தொழில்கள் ஓரிடத்தில் கூடினால் ஆற்றல் மிச்சமாகும் என்று சுலபமாகச் சொல்கிறவர்கள் இன்சலை மறந்துவிடுகிறார்கள் என்று தோன்றும். நெருக்கம் கம்பியையும் குழாயையும் மிச்சப்படுத்தும், அவ்வளவுதான். அதுவும் யாராவது குழாய் போட்டால்தானே!

குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் போட்டிருக்கிறார்கள். அங்குள்ள நிதி நிறுவனக் கட்டடங்களுக்கு ஒரே நிலையத்திலிருந்து குளிர்ந்த நீர் குழாய் வழியாகப் போகிறது. ஏசி அதில்தான் ஓடுகிறது.

நான் வேலை பார்ப்பது சென்னை ஓஎம்ஆரில். எங்கள் கட்டடத்துக்குத் தனி சில்லர், தனி ஜெனரேட்டர். பக்கத்துக் கட்டடத்துக்கும் அப்படியே. மே மாத மதியம் கரண்ட் போனால், எதிரே உள்ள டீக்கடையில் நின்று கேட்கலாம். முதலில் எங்கள் ஜெனரேட்டர் உறுமும், அடுத்து பக்கத்துக் கட்டடத்தினுடையது, அப்புறம் அதற்கும் அடுத்தது. டீக்கடை அண்ணன் மட்டும் பேசாமல் பாலை ஆற்றிக்கொண்டிருப்பார். இரைச்சலில் பேசினாலும் கேட்காது.